ஏழாம் பாத்தி

நவம்பர் 14, வெள்ளி

பதினாறு முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். வாடகைப் பாத்திரங்களை எண்ணி அனுப்பினேன். ஒரு கரண்டி குறைகிறது. சமையல்காரர் கையோடு போயிருக்கும்.

இந்த நோட்டில் இடது பக்கம் வீட்டுக் கணக்கு, வலது பக்கம் நாள் விவரம். பிள்ளையார் சுழி போடாமல் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரு வருடத்துக்குப் போடக் கூடாதாம்.

இவர் பெரிதுபண்ணிய போட்டோவை வாங்கி வந்தார், கூடவே சந்தன மாலையும். ஆணி அடிக்கட்டுமா என்று கேட்டார். மழைக்குச் சுவர் ஊறிக் கிடக்கிறது, காயட்டும் என்றேன். காகிதத்தைப் பிரிக்காமல் பீரோவுக்கு மேலே வைத்துவிட்டேன்.

தரணியின் போனைச் சார்ஜில் போட்டேன். கண்ணாடி ஒரு மூலையில் விரிந்திருக்கிறது. லாரிக்காரன் மோதியதில் வண்டி உருத்தெரியாமல் போயிற்று, போனுக்கு இவ்வளவுதான் சேதம். பூட்டைத் திறக்க எனக்குத் தெரியாது. மேலே வந்து விழுகிற வரிகளை மட்டும் படிக்கலாம். இன்று சாயங்காலம் ஒன்று விழுந்தது: “தரணி, ஏழாம் பாத்தி மூணு வாரமா ஆளில்லாம கிடக்கு. இந்த ஞாயிறும் வரலைன்னா விதிப்படி வேற ஆளுக்குப் போயிரும். வீட்ல யாராச்சும் வந்தாலும் சரி. சுகுமாரன், பூங்காத் தோட்டம்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு டீ குடிக்கப் போகிறேன் என்றுதான் வண்டியை எடுப்பான். வரும்போது சட்டையில் மண் இருக்கும். டீக்கடையில் ஏது மண்?

நவம்பர் 16, ஞாயிறு

மருதமலை பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் நின்று டவுன் பஸ் பிடித்தேன். மாநகராட்சிப் பூங்காவின் பின்பக்கம், ஊஞ்சல்களைத் தாண்டி, செங்கல் வைத்துப் பிரித்த பாத்திகள். மருந்து, உப்பு உரம் எதுவும் கிடையாதென்று போர்டு. யாருக்கும் சம்பளம் கிடையாது. அவரவர் பாத்தியை அவரவர் பார்க்கிறார்கள், விளைந்ததில் பாதி பக்கத்து அங்கன்வாடிக்குப் போகிறது.

ஏழாம் பாத்தியில் தகரத் துண்டில் வெள்ளைப் பெயின்ட்டால் ‘தரணி’ என்று எழுதியிருந்தது. அவன் எழுத்து. ணகரத்துக்குச் சுழி ஒன்று குறைத்தே போடுவான்.

பாத்தி முழுக்கச் சருகும் குப்பையும். நடுநடுவே பார்த்தீனியம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். சருகையெல்லாம் கூட்டி அள்ளினேன், களையை வேரோடு பிடுங்கினேன், தண்ணீர் தெளித்தேன். எறும்புக்கென்று எப்போதும் பையில் அரிசி மாவு இருக்கும். கை தானாகச் செங்கல் ஓரம் நாலு புள்ளி வைத்து ஒரு கோலம் இழுத்துவிட்டது. வீட்டு வாசலில் போட்டு எத்தனையோ நாளாகிறது.

“ஏனுங்க, யாருங்க நீங்க? அது பாத்திங்க, வாசல் இல்லீங்க!” என்று ஒருவர் ஓடி வந்தார். அவர்தான் சுகுமாரன் சார். டெலிபோன் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், தோட்டத்துக்குப் பொறுப்பாளி. நான் குப்பை என்று அள்ளியது மூடாக்காம். மண் காயாமலிருக்கச் சருகை வேண்டுமென்றே பரப்பி வைப்பார்களாம். பார்த்தீனியம் என்று பிடுங்கியது கேரட் நாற்று.

கேரட் ஊட்டியில்தானே விளையும் என்று நினைத்திருந்தேன்.

பூங்கா வாசலில் இட்லி மாவு விற்கிற பேபியக்காவுக்கும் ஒரு பாத்தி உண்டு. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “மூணு வாரம் மழையில தானா முளைச்சு நின்னதை ஒரு நிமிசத்துல மொட்டை அடிச்சுட்டீங்களே மகராசி! நீங்க தரணியோட அம்மாவா? மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குது. எங்க அந்தப் பய?”

வாயைத் திறந்தேன். “பூனாவுக்கு அனுப்பிட்டாங்க, கம்பெனியில” என்று வந்தது.

“சொல்லாமக் கொள்ளாமயா? வரட்டும், காதைத் திருகி வைக்கறேன்.”

வரட்டும் என்றாள். எங்கள் வீட்டுக்கு வந்து போன அத்தனை பேரில் ஒருவர் வாயிலும் வராத சொல்.

எட்டாம் பாத்திக்காரி மட்டும் சிரிக்கவில்லை. ஒல்லியான பெண், பெயர் மெர்லின், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையாம். என் பக்கத்தில் குந்தி, பிடுங்கின நாற்றுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டுக் கொடுத்தாள். “கேரட்டை எடுத்து நட்டா சரியா வராது ஆன்ட்டி. பரவால்ல, வெச்சுப் பாப்போம்” என்றாள். அடிக்கடி என் முகத்தைப் பார்த்தாள்.

செலவு: பஸ். பொய் ஒன்று. எல்லாவற்றையும் எழுதுகிறவள் அதையும் எழுதத்தானே வேண்டும்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை முதல் நாள். மலைக்கு மாலை போட்டவர்கள் தெருவில் போனார்கள். நாங்கள் எந்தக் கோயில் படியும் ஒரு வருடத்துக்கு மிதிக்கக் கூடாது.

தரணி போனில் ‘தக்காளி’ என்கிற பெயரில் ஒரு வரி: “தேங்க்ஸ். அம்மாவையே அனுப்புவேன்னு நினைக்கல.”

யாரோ காய்கறிக்காரர் போலிருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

பாத்திகளுக்கு ஊற்ற ஜீவாமிர்தம் கலக்கினோம். சாணி, கோமியம், வெல்லம், கடலை மாவு எல்லாம் டிரம்மில் போட்டு நீளக் குச்சியால் ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்றார் சுகுமாரன் சார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே சுற்றினேன்.

“அக்கா, ட்ரம்மைச் சுத்தியே மருதமலை ஏறிருவீங்க போல!” என்றாள் பேபியக்கா.

இந்த வருடத்துக்கு எனக்கு அதுதான் மலை.

மெர்லின் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். “அங்க சாப்பாடெல்லாம் எப்படி ஆன்ட்டி தரணிக்கு?”

“சப்பாத்திதான். வாயில வைக்க முடியலங்கறான். சேலத்துப் பசங்க ரெண்டு பேரோட ரூம்ல இருக்கான்.”

“இளைச்சிருப்பாரே.”

“கொஞ்சம். போன வாரம் இஞ்சிப் பொடி பார்சல் அனுப்பினேன்.”

சொல்லச் சொல்ல எனக்கே கண்ணில் தெரிந்தது. ஜன்னல் ஓரம் கொடி. கொடியில் அவன் நீலச் சட்டை, காலரைத் திருப்பாமல் காயப்போட்டிருக்கிறான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன்.

பொய் எத்தனை என்று இன்று எழுத முடியவில்லை. எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.

டிசம்பர் 3, புதன்

தீபம். தெரு முழுக்க விளக்கு. எங்கள் வாசல் மட்டும் பல் விழுந்த மாதிரி.

டிசம்பர் 6, சனி

இவர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்த நம்பருக்கு மாசாமாசம் எதுக்குப் பணம் கட்டிக்கிட்டு? நிறுத்திரலாம் மரகதம்.”

“வேண்டாம்” என்றேன்.

மோர் ஊற்றியதும், “ஞாயித்துக்கெழமையானா எங்க போயிட்டு வர்ற?” என்றார்.

“நடக்கத்தான். சக்கரைக்கு டாக்டர் சொன்னாரே.”

“செருப்புல மண்ணு இருக்குது.”

எழுந்துபோய்ச் செருப்பைக் கழுவினேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த மனிதர் அழுது நான் பார்க்கவில்லை. தன் பட்டறையில் லேத் ஓடுகிற சத்தத்தில் அழுவார் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

அவரைப் பந்தலுக்குக் கயிறு கட்டினோம். வெயில் ஏறியதும் மெர்லின் முகம் சிவந்துவிட்டது. “ஏய் தக்காளி, போய் நிழல்ல நில்லு” என்று பேபியக்கா கத்தினாள். பிறகு என்னிடம், “இந்தப் பேரை வெச்சதே உங்க பையன்தான். அதுக்கு ஒரு நாள் பூரா சண்டை நடந்துச்சு ரெண்டு பேருக்கும். எந்நேரமும் குசுகுசுன்னு பேசிக்கிட்டேதான் களை எடுக்கும் ரெண்டும். அவங்க பாத்தியிலதான் களையே அதிகம்” என்று கண்ணைச் சிமிட்டினாள்.

அந்தப் பெண் கழுத்துச் சங்கிலியில் சிலுவை இருக்கிறது. முதல் நாளே பார்த்தேன். இன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கினேன். ஏற்கெனவே துலக்கிக் கவிழ்த்ததையும் எடுத்துத் துலக்கினேன். நான் ஒன்றும் நினைக்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

போகவில்லை. மார்கழிக் குளிர் என்று சாக்கு.

மத்தியானம் ‘தக்காளி’: “அம்மா ஏன் வரல? உடம்பு சரியில்லையா? இதுக்காச்சும் பதில் போடு.”

டிசம்பர் 28, ஞாயிறு

போனேன். அந்தப் பெண் டப்பாவில் கேக் வைத்திருந்தாள். “முட்டை போடலை ஆன்ட்டி. உங்களுக்காகத் தனியா செஞ்சேன். நீங்க மார்கழில சுத்தமா இருப்பீங்கன்னு தரணி சொல்லியிருக்கார்.”

மற்றவர்கள் உரக்குழிப் பக்கம் இருந்தார்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

“தரணி உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி. இல்லன்னா நீங்க எதுக்கு இங்க வந்து மண்ணுல உக்காரப் போறீங்க? கடைசியா இங்கதான் சண்டை போட்டோம். எட்டு மாசமா ‘சொல்றேன் சொல்றேன்’னுட்டே இருந்தார். உங்கம்மாகிட்ட சொன்ன பின்னாடிதான் எங்கிட்டப் பேசணும், அது வரைக்கும் போனே பண்ணாதேன்னுட்டேன். பண்ணவே இல்லை. ரோஷக்காரர். ஆனா உங்களை அனுப்பி வெச்சுட்டார்.”

நான் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க என்ன சொன்னீங்க ஆன்ட்டி அவர்கிட்ட?”

முருகா, அந்த நேரத்தில் நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்? அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“சரின்னுதான் சொன்னேன் கண்ணு.”

அவள் சட்டென்று எழுந்து டிரம் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையிலும் சாணி நாற்றம்.

கேக் நன்றாக இருந்தது. இவருக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தேன். ஏது என்று கேட்டார். பேக்கரி என்றேன்.

ஜனவரி 1, வியாழன்

தரணி போன் நாள் முழுக்க அடித்தது. தலையணைக்கு அடியில் வைத்தேன். அங்கேயும் அடித்தது. எடுத்தால் என் குரல்தானே கேட்கும்.

ஜனவரி 4, ஞாயிறு

மெர்லின் என் பக்கம் வரவேயில்லை. தன் பாத்தியில் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். நானே போய் என்ன கண்ணு என்றேன்.

“வீட்ல ஒரு வரன் வந்திருக்கு ஆன்ட்டி. திருப்பூர். புதன்கிழமை வந்து பாத்துட்டுப் போனாங்க. அப்பா ஒரு வாரத்துல பதில் சொல்லுங்கறார்.”

“நீ என்ன சொன்னே?”

“அவனைக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு கூப்பிட்டேன். ரிங் போகுது, எடுக்கல. எத்தனை தடவை கூப்பிடறது?” குச்சியை ஓங்கிக் குத்தினாள். “நீங்க மாட்டேன்னு சொல்லியிருந்தாக்கூடப் புரிஞ்சுக்குவேன். நீங்களே சரின்னுட்டீங்க. அப்ப அவனுக்குத்தான் இஷ்டமில்ல. இத்தனை நாள் உங்களைக் காட்டி நழுவியிருக்கான். இப்ப அந்தச் சாக்கும் போச்சு, அதான் போனே எடுக்கல.”

“அப்படிப்பட்டவன் இல்ல கண்ணு.”

“பின்ன எப்படிப்பட்டவன் ஆன்ட்டி?”

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. தண்ணீர்க் குழாயை மூடப் போகிற மாதிரிப் போய்விட்டேன்.

அங்கே அவன் பேச்சு நடக்க வேண்டும் என்றுதானே போனேன். நடந்தது. என் பிள்ளை ஒரு பெண்ணை ஏமாற்றிவிட்டு ஒளிந்துகொண்டவன் என்கிற பேச்சு. அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. பேச வேண்டியவள் நான், குழாயடியில் நின்றேன்.

ஜனவரி 8, வியாழன்

‘தக்காளி’: “வீட்ல சரின்னு சொல்லிட்டேன். இனிமே மெசேஜ் வராது. நல்லா இரு.”

இந்த ‘நல்லா இரு’வைப் படித்துவிட்டு அரிசியை எத்தனை ஆழாக்கு போட்டேன் என்று மறந்து, கொட்டி மறுபடி அளந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஞாயிறுதான் தோதுப்படும் என்று தோட்டத்தில் இன்றே பொங்கல் வைத்தார்கள். போகிற வழியில் பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன், அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவதென்று. போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கூடிவிட்டார்கள். மெர்லின் பச்சைச் சுடிதாரில் வந்திருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். மகன் மேல் இருக்கிற கோபத்தை என்மேல் காட்டக் கூடாது என்கிற சிரிப்பு.

மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினார்கள். இங்கே ஒரு வழக்கமாம். பால் பொங்கும் நேரத்தில் பாத்தி நம்பர்படி ஒவ்வொருவராக வந்து ஒரு கைப்பிடி அரிசி போட வேண்டும். எல்லார் கையிலும் அரிசி கொடுத்துவிட்டார்கள். எனக்கும். வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் எட்டாம் பாத்தி.

சுகுமாரன் சார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சத்தமாகக் கூப்பிட்டார். ஒன்று. இரண்டு. சிரிப்பும் கேலியுமாகப் போட்டுப் போட்டு நகர்ந்தார்கள். “ஏழு! பூனாக்காரருக்குப் பதிலா மரகதக்கா, வாங்க, வாங்க!”

அடுப்புக்கு முன்னால் போய் நின்றேன். சூரியன் நேரே முகத்தில் அடித்தது. இங்கே இத்தனை நாள் மனிதர்களிடம் சொன்னது ஒன்று. இதைப் போட்டால் அது சாமியிடமே சொல்கிற பொய். கை மூடியபடியே இருந்தது.

“எங்க வீட்ல இந்த வருசம் பொங்கல் இல்லீங்க” என்றேன்.

அதற்குமேல் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுகுமாரன் சார் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். பேபியக்கா என் நெற்றியைப் பார்த்தாள், பொட்டு இருக்கிறது. இவர் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியானால் மிச்சம் யார் என்பதும். “அய்யோ சாமி” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மெர்லின்தான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். “ஏன் ஆன்ட்டி, பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்களா?”

அவர்கள் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. அவளுக்கு எப்படித் தெரியும்? அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். நான்தான் சொல்ல வேண்டும். திரும்பினேன்.

“தரணி இல்ல கண்ணு. ஐப்பசியிலயே போயிட்டான். பைபாஸ்ல லாரி.”

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே முகத்தில் நின்றது.

“எப்ப?”

“அக்டோபர் இருபத்தெட்டு.”

“என்ன கிழமை?”

“செவ்வாய்.”

“ஞாயித்துக்கிழமைதான் சண்டை போட்டோம்” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு, “பூனா?”

“இல்ல.”

“சேலத்துப் பசங்க?”

“இல்ல கண்ணு.”

“இஞ்சிப் பொடி அனுப்பினேன்னீங்களே ஆன்ட்டி.”

அவள் கையிலிருந்த அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தாள். சுடிதார் பையில் போட்டுக்கொண்டாள். கேட்டைப் பார்த்து நடந்தாள். பேபியக்கா பின்னாலேயே ஓடினாள்.

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. பொங்கலோ பொங்கல் என்று யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 15, வியாழன்

ரசம், அப்பளம். மாலையில் இவர் போட்டோவை மாட்டினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். “நேரா இருக்குதா பாரு” என்றார். பார்த்தேன். நேராக இருக்கிறது.

பிறகு எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பூங்கா, பாத்தி, அந்தப் பெண். முழுக்கக் கேட்டுவிட்டு, “பொண்ணு எப்படி இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். ஒல்லியா, வெயில் பட்டாச் செவந்துரும் என்றேன். எழுந்து பட்டறைக்குப் போனார். இன்று பட்டறை லீவு.

ஜனவரி 18, ஞாயிறு

போனேன். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. சுகுமாரன் சார், பாத்தி எத்தனை நாள் வேண்டுமானாலும் உங்களுடையதே, விதியெல்லாம் பார்க்க வேண்டாம் என்றார். பேபியக்கா என் தோளில் கை வைத்து, “நல்ல பையனா இருந்தான் அக்கா” என்றாள்.

இருந்தான். இங்கேயும் வந்துவிட்டது அந்தச் சொல்.

எட்டாம் பாத்தி தண்ணீரில்லாமல் துவண்டிருந்தது. அதற்கும் சேர்த்து ஊற்றினேன்.

ஜனவரி 25, ஞாயிறு

இரண்டு பாத்திக்கும் தண்ணீர். வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். காவடிக்காரர்கள் போகிற சத்தம் பஸ்ஸுக்குள் வரை கேட்டது.

மெர்லின் வந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. தன் பாத்தியில் உட்கார்ந்து தக்காளியில் பழுத்த இலைகளைக் கிள்ளினாள். நான் என் பாத்தியில் இருந்தேன். பிறகு நிமிராமலே பேசினாள்.

“ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது.”

“கேளு.”

“அன்னிக்குச் சரின்னு சொன்னதா சொன்னீங்க. அவன் நிஜமாவே உங்ககிட்ட வந்து கேட்டிருந்தா?”

இன்னொரு சரி சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டிருக்கலாம். தைப்பூசமும் அதுவுமாக இருந்தது. அதனால் மட்டுமல்ல.

“மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன் கண்ணு. சாதியை இழுத்திருப்பேன், சாமியை இழுத்திருப்பேன். அழுது தீத்திருப்பேன்.”

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, பாதி சிரிப்பும் பாதி வேறு எதுவுமாகச் சொன்னாள்.

“அவனும் அதான் சொன்னான். எங்கம்மா ஒத்துக்காது. பத்து நாள் சாப்பிடாது. மலையேறிப் போய் முருகன்கிட்ட என்மேல புகார் குடுக்கும். பதினொண்ணாம் நாள் காலையில, அந்தப் பொண்ணுக்குச் சேலை எடுக்கணும், வண்டியை எடுறான்னு என்னையே கூப்பிடும். நடுவுல அந்தப் பத்து நாளைத்தான் எப்படித் தாண்டறதுன்னு தெரியல, அதான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன்னு.”

அப்படியா சொன்னான் என்று கேட்கவில்லை. அவன்தான் சொல்லியிருக்கிறான். வேறு யாருக்கு என்னை அவ்வளவு தெரியும்? எனக்கே தெரியவில்லை.

இரண்டு பேரும் அழுதோம். அவரவர் பாத்தியில் உட்கார்ந்தபடியே.

“நிச்சயம் எப்பக் கண்ணு?” என்று கேட்டேன்.

“பதினஞ்சாம் தேதி. அப்பா எல்லாருக்கும் சொல்லிட்டார். மாத்தி மட்டும் என்ன ஆகப் போகுது ஆன்ட்டி?” முகத்தைத் துடைத்ததில் கன்னத்தில் மண் ஒட்டிக்கொண்டது. “அந்தப் பையன் நல்லாத்தான் பேசறான். இனிமே ஞாயித்துக்கிழமை வர முடியாது.”

எழுந்து நின்றாள். நானும் எழுந்தேன். சேலையில் உனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று தொண்டை வரைக்கும் வந்தது.

“வெயில் ஏறுது, கெளம்பு கண்ணு” என்றேன்.